நிச்சயச் சேவலும் குங்கு மேகமும்

தொகோசானி ஓடி வந்தபோது, நிச்சயத்துக்கென்று தைத்த புதுச்சட்டையின் பித்தான்கள் இடம் மாறிப் போடப்பட்டிருந்தன. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"எஸ்நாத்தம்மா, சேவலைக் காணோம்! கூடை மட்டும் கிடக்கு!"

எஸ்நாத் முவாலே தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. ஆயுளில் பாதியைப் போலீஸில் கழித்துவிட்டு, இப்போது ஏரிக்கரை விடுதியின் ஊர்ப்பணிகளைக் கவனிக்கிற பெண்மணி அவர். பள்ளிப் பிள்ளைகளின் கஞ்சி, மருத்துவப் படகு, மரநாற்றுப் பண்ணை எல்லாம் அவர் பொறுப்பு. பக்கத்தில் இருந்த லிம்பானிதான் துள்ளி எழுந்தான். விருந்தினர்களுக்குப் பறவை காட்டுவது அவன் வேலை. பாதி இறகைப் பார்த்தே பறவையின் பெயரைச் சொல்லிவிடுவதால், திருடனையும் அப்படியே சொல்லிவிடலாம் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

"திருட்டு! சந்தேகமே இல்ல!" என்றான்.

அன்று பிற்பகல் விடுதிப் படகோட்டி தொகோசானிக்கும், நாற்றுப் பண்ணையில் வேலை பார்க்கும் தியமிக்கேவுக்கும் நிச்சயம். மாப்பிள்ளை வீட்டுச் சேவலும் பெண் வீட்டுக் கோழியும் தாய்மாமன்கள் கையில் மாறினால்தான் சம்பந்தம் முடிந்ததாக அர்த்தம். அந்தச் சேவலைத்தான் இரவு படகுக் கொட்டகையில் கூடையிட்டு வைத்திருந்தார்கள்.

அதற்குள் விஷயம், தீவிலிருந்து முந்தின நாளே வந்து தங்கியிருந்த பெண்ணின் தாய்மாமன் காதுக்கு எட்டிவிட்டது. கம்வெண்டோ அந்த வெயிலிலும் கோட்டு மாட்டிக்கொண்டு, விந்தி விந்தி வந்தார். அவருக்கு முன்னால் யூகலிப்டஸ் தைல வாசனை வந்தது.

"ஒரு சேவலைக் காப்பாத்தத் துப்பில்லாதவன், என் மருமகளை எப்படிக் காப்பாத்துவான்? படகுல வெள்ளைக்காரங்களை வெச்சு விளையாட்டுக் காட்டுறவன்தானே!"

"வேற சேவல் பிடிச்சுட்டு வரட்டுமா மாமா? ஊர்ல சேவலுக்கா பஞ்சம்?" என்றான் லிம்பானி.

"நேத்து நான் கண்ணால பார்த்து ஒத்துக்கிட்ட சேவல்டா அது! தொலைஞ்சா சகுனமே சரியில்லைன்னு அர்த்தம். உச்சிவேளைக்கு அப்புறம் தெக்குக் காத்து எழும்பிடும். அதுக்குள்ள நான் தீவுக்குக் கிளம்பறேன்."

தாய்மாமன் கிளம்பிவிட்டால் நிச்சயமும் கிளம்பிவிட்டது என்றுதான் பொருள். தொகோ தலையில் கைவைத்து மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"விடியக்காலைல நீங்க சத்தம் ஏதும் கேட்டீங்களா ஐயா?" என்று எஸ்நாத் பணிவாகக் கேட்டார்.

"எங்கம்மா! முட்டி வலில புரண்டுகூடப் படுக்க முடியல. குங்கு வந்ததே எனக்கு இப்பத்தான் தெரியும். தைலமும் தீர்ந்துபோச்சு."

அன்று விடியலில் ஏரிப்பூச்சிகள் கரும்புகை மாதிரி எழுந்து கரைக்கு வந்திருந்தன. குங்கு மேகம் வந்தால் ஊரில் ஒருவரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். சட்டியோ கூடையோ, உள்பக்கம் எண்ணெய் தடவிக் காற்றில் வீசினால் பூச்சிகள் அப்பிக்கொள்ளும். வழித்தெடுத்து அடை தட்டினால், கறி சாப்பிட்ட திருப்தி.

கொட்டகையில் கூடை கதவோரம் கிடந்தது. லிம்பானி மண்டியிட்டு இறகு தேடினான். எஸ்நாத் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். எச்சம் இல்லை. கழுவித் துடைத்த மாதிரி சுத்தம். ஆனால் ஓலைப் பின்னல் பளபளத்தது. இடுக்குகளில் கறுப்புப் பொட்டுகள். மூக்கைக் கிட்டே கொண்டுபோய் ஒரு தரம் முகர்ந்தார். பிறகு வாசலில் நின்று படகுத்துறையைப் பார்த்தார். மருத்துவப் படகு கட்டும் முளை காலியாக இருந்தது.

"நர்ஸம்மா எப்ப போனாங்க?"

"குங்கு கலைஞ்சதும். அக்கரைல குழந்தைகளுக்கு ஊசி போடற நாளாச்சே," என்றான் தொகோ.

சமையலறையில் ஃப்ரைடே கரண்டியோடு பாய்ந்தான். "நான் சேவலைச் சமைச்சிருந்தா வாசம் ஊரையே கூட்டியிருக்காதா? காலைலேர்ந்து குங்கு அடை தட்டியே எனக்குக் கை போச்சு!"

மேசையில் இருந்த ஹன்னேகே என்ற விருந்தாளி கையிலிருந்த அடையை உயர்த்திக் காட்டினாள். "ரொம்ப நல்லா இருக்கு. மூக்கடைப்புகூடத் திறந்துடுச்சு. இதுல இருமல் மருந்து போட்டிருக்கீங்களா?"

"என் சமையல்ல மருந்தா!" ஃப்ரைடே முகம் சிவந்தான். "எல்லாரும் கொண்டுவந்து குடுத்த குங்குதான். ஒரு கிண்ணம் மட்டும் யாரோ வாசல்ல வெச்சுட்டுப் போயிட்டாங்க."

வெளியே வந்ததும் லிம்பானி கிசுகிசுத்தான். "அம்மா, அந்த ஹன்னேகேதான்! சேவல் கூவித் தூக்கம் போச்சுன்னு நேத்தே முனகினா. பிடிச்சுக் காட்டுல விட்டிருப்பா."

"விட்டிருந்தா கூடையை எதுக்குக் கழுவி எண்ணெய் தடவணும்?"



உச்சிவேளை நெருங்கியது. கம்வெண்டோவின் மூட்டை படகில் ஏறிவிட்டது. கரையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். தியமிக்கே கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு, அழுகையை அடக்கி நின்றாள்.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்றார் எஸ்நாத். "சேவல் திருடு போகல. திருடறவன் கூடையோட தூக்கிட்டுப் போவான், இல்ல சேவலைத் தூக்கிட்டுக் கூடையை அப்படியே விட்டுருப்பான். இங்க வந்தவருக்குச் சேவலே வேண்டாம். கூடைதான் வேணும்."

"கூடையா?" என்றான் தொகோ.

"தலைக்கு மேல குங்கு மேகம். இன்னும் கொஞ்ச நேரத்துல கலைஞ்சிடும். கைக்குக் கிடைச்சது அந்தக் கூடைதான். எண்ணெய்க்குச் சமையலறை வரைக்கும் ஓட நேரமில்ல. பையில என்ன இருந்துதோ அதையே தடவிட்டார். அடைல இருமல் மருந்து வாசம் வந்ததே, அது ஃப்ரைடேவோட குத்தமில்ல."

ஃப்ரைடே நெஞ்சை நிமிர்த்தினான். லிம்பானியின் மூக்கு தானாகவே கோட்டுக்காரர் பக்கம் திரும்பியது. அவனுக்கு மட்டுமில்லை, கூட்டத்தில் எல்லார் மூக்கும் திரும்பியது.

"அப்போ சேவல்?" என்று கத்தினான் லிம்பானி.

"நல்ல மனுஷர். ஓடவிடாம பத்திரமா வைக்கணும்னு நினைச்சிருப்பார். கொட்டகையில மூடி போட்ட சாமான் எதுவும் இல்ல. ரெண்டு எட்டு வெச்சா மருத்துவப் படகு, அதுல மிதவைச் சட்டைப் பெட்டி. திரும்பி வந்து பார்த்தா படகு போயிடுச்சு. இங்க மாப்பிள்ளை அழுதுட்டிருக்கான். இவ்வளவு பெரிய மனுஷர் பூச்சி பிடிக்க ஓடினேன்னு எப்படிச் சொல்லுவார்?"

கம்வெண்டோ கோட்டைக் கழற்றினார். தோள்பட்டை மடிப்பில் இரண்டு பூச்சிகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அந்த மேகத்தைப் பார்த்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாதும்மா," என்றார் ஈனஸ்வரத்தில். "முட்டி வலிகூட மறந்துபோச்சு. எப்படி ஓடினேன்னே தெரியல!"

முதலில் சிரித்தது தியமிக்கேதான். அவள் சிரிப்பில் பயந்து கோழி கொக்கரிக்க, கரையே வெடித்துச் சிரித்தது. தொகோ மட்டும் சிரிக்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கரைல யாராவது அடிச்சுக் குழம்பு வெச்சிருந்தா?"

அப்போது மருத்துவப் படகு முனை திரும்பியது. நர்ஸம்மா எழுந்து நின்று கையை ஆட்டினாள். அவள் கக்கத்தில் வெள்ளையாக ஏதோ திமிறியது.

"எந்தப் புண்ணியவான் வேலைய்யா இது?" என்று தூரத்திலிருந்தே கேட்டாள். "பெட்டியத் திறந்தா கொக்கரக்கோங்குது! ஒரு குழந்தையும் ஊசிக்கு அழல தெரியுமா? எல்லாம் இதையேதான் பார்த்துட்டிருந்துச்சுங்க!"

தொகோ இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய்ச் சேவலை வாங்கினான். புதுச்சட்டை நனைந்ததை அவன் கவனிக்கவே இல்லை. கூட்டத்தில் நின்ற தன் தாய்மாமனிடம் சேவலைக் கொடுத்துவிட்டு, கம்வெண்டோவின் முன்னால் நின்றான்.

"ஐயா, நான் விளையாட்டுக் காட்டுறவன்தான். ஆனா உங்க மருமகளை..."

"போதும்டா." கம்வெண்டோ தொண்டையைச் செருமினார். தாய்மாமன்கள் நிச்சயத்தில் குலப்பெருமை பேச ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும் என்று எல்லாரும் மணலில் இடம் பார்த்து உட்காரத் தயாரானார்கள். அவர் தியமிக்கேவின் கையிலிருந்து கோழியை வாங்கினார்.

"இந்தப் பையன்கிட்ட குறை கண்டுபிடிச்சுட்டுப் போகணும்னுதான் தீவுலேர்ந்து வந்தேன். இப்போ கரையே என் குறையைப் பார்த்துச் சிரிக்குது. இவன் ஒருத்தன் சிரிக்கல. இவனுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கறது?"

கோழியை நீட்டினார். மாப்பிள்ளையின் மாமன் சேவலை நீட்டினார். இரண்டும் கை மாறிய நொடியில் பெண்கள் எழுப்பிய குலவை அக்கரை வரை கேட்டது.