தாலி போகிற வண்டி

தாலி இடுக்கில் விழுந்ததைக் கமலவேணி கண்ணால் பார்த்தாள். விழுந்த சத்தம்தான் கேட்கவில்லை.

காரின் முன்கண்ணாடிக்குக் கீழே, டாஷ்போர்டுப் பலகையின் மேல்விளிம்பில், இரண்டு விரல் நுழையும் அகலத்தில் ஒரு முழ நீளத்துக்கு அந்த இடுக்கு ஓடியது. குளிர் தேசங்களில் கண்ணாடியில் படியும் பனியைப் போக்க அதன் வழியாகக் காற்று வருமாம். காஞ்சிபுரத்து வெயிலில் அதற்கு வேலை இல்லை. டிரைவர் முருகேசன் அதன் ஓரத்தில் ஊதுவத்தியைச் செருகி வைப்பான், அவ்வளவுதான். உள்ளே வெறும் தகரம். தகரத்தில் பொன் விழுந்தால் 'கிணிங்' என்று ஓசை எழத்தானே வேண்டும்? அவள் காது கொடுத்துக் காத்திருந்தாள். ஆழமான கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதுபோல நெடுநேரம் காத்திருந்தாள். உள்ளிருந்து ஒன்றுமே கேட்கவில்லை.

"நிறுத்துங்கண்ணா! தாலி உள்ள வுழுந்துடுச்சு!"

முருகேசன் பிரேக்கை மிதித்தான். பாலாற்றங்கரைச் சாலையில் புழுதி எழுந்து வந்து காரை மூடியது.

அந்தத் தாலியைப் பெரிய காஞ்சிபுரத்து ஆசாரியிடமிருந்து மூன்று மணிக்குத்தான் வாங்கிக்கொண்டு புறப்பட்டிருந்தாள். புதுத் தாலியை மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது, தரையிலும் படக் கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம். ஆகவே அதை ஒரு வெற்றிலையில் கிடத்தி, காரின் பலகைமேல் ஒட்டியிருந்த சின்னப் பித்தளைக் காமாட்சியின் காலடியில் வைத்திருந்தாள். சாமி பார்த்துக்கொள்வாள் என்றுதான் வைத்தாள். கார் சீராக ஓடிய வரைக்கும் தாலி அசையவே இல்லை.

செவிலிமேட்டைத் தாண்டிய இடத்தில், இரண்டு நிமிஷத்துக்கு முன்பு, புளியமரத்தடியிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து காருக்குக் குறுக்கே நின்றாள். கார் நின்றதும் கமலவேணி உட்கார்ந்திருந்த பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள். தோளில் ஒரு வயசு ஆண்குழந்தை.

"அம்மா, புள்ளைக்கு மூச்சு இழுக்குதும்மா. காலையிலேருந்து பால் குடிக்கல. ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போய் வுட்டுடுங்கம்மா."

கமலவேணி முதலில் பார்த்தது அவள் கழுத்தை. கயிறு இல்லை. பிறகு நெற்றியை. பொட்டு இல்லை. கடைசியில்தான் குழந்தையைப் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் விலாவுக்குக் கீழே குழி விழுந்து எழுந்தது.

"திருப்பினா அஞ்சு நிமிஷம் தங்கச்சி," என்றான் முருகேசன் மெதுவாக. "வுட்டுட்டு வந்துடலாம்."

"தாலி போற வண்டிண்ணா இது. பாதி வழியில திருப்புவாங்களா? அதுவும் இவளை ஏத்திக்கினு? எடுங்க."

"என்னை ஏத்த வாணாம்மா," என்றாள் அந்தப் பெண். அவள் குரலில் கோபம் இல்லை. தனக்கு அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்ட குரல். "நான் நடந்தே வந்துடறேன். இவனை மட்டும் எடுத்துக்கினு போங்க."

ஜன்னல் வழியாகக் குழந்தையை உள்ளே நீட்டினாள். அதன் கை கமலவேணியின் முழங்கைக்குமேல் பட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போலச் சுட்டது. புடவையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிடுவதுபோல அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "எடுங்கண்ணா, சொல்றேனில்ல!" கார் துள்ளிக் கிளம்பியது. அந்தத் துள்ளலில் நழுவத் தொடங்கிய வெற்றிலை, அடுத்த குலுக்கலில் சாய்ந்தது.

கமலவேணி பொல்லாதவள் அல்ல. வாசலுக்கு வந்த யாரையும் அவள் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஆனால் அவள் தங்கை பொன்னியம்மாளுக்கு இருபத்தொன்பது வயசு. இரண்டு முறை நிச்சயமாகி, இரண்டு முறையும் சகுனம் சரியில்லை என்று நின்றுபோயிருந்தது. மூன்றாவதாக அமைந்த இந்த இடத்தில் மாப்பிள்ளையின் தாய் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: விளக்கு வைக்கும் முன் மாகறல் கோயிலில் தாலி சாமி பாதத்துக்கு வந்துவிட வேண்டும், ஒரு குறை தெரிந்தாலும் வந்த வழியே திரும்பிவிடுவோம். மறுநாள் காலையில் முகூர்த்தம். பொன்னி இப்போதே மருதாணிக் கையோடு கோயில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"அழுவாதே தங்கச்சி," முருகேசன் ஸ்பேனரைத் தேடி எடுத்தான். "இந்த வண்டி என் மாமியார் மாதிரி. உள்ள போனது எதையும் லேசுல வெளிய வுடாது. போன வருஷம் ஒரு சேட்டு பேனாவை வுட்டாரு. கீழ ரப்பர் குழாயைக் கழட்டினேன், தன்னால கையில வந்து வுழுந்துச்சு."

அவன் கதவைத் திறந்துவைத்து, கால்கள் வெளியே நீட்டியிருக்க, பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்தான். ஸ்பேனர் இரும்பில் உரசியது. எங்கோ வயலில் ஒரு எருமை கத்தியது. அதன்பின் காற்று நின்றது. சாலையோரப் பனைகளின் ஓலைகூடச் சலசலக்கவில்லை. கமலவேணி இடுக்கின் மேல் குனிந்தாள்.

தூசியும் பெட்ரோலும் ஊதுவத்திச் சாம்பலும் மணக்கும் என்று எதிர்பார்த்தாள். புளித்த பால் வாடை வந்தது. என்ஜின் அணைந்திருந்தது, ஆனாலும் இடுக்கிலிருந்து காற்று மேலே வந்து அவள் கன்னத்தில் பட்டது. வந்த காற்று, திரும்ப உள்ளே போயிற்று. போகும்போது எதிலோ சிக்கியதுபோல மெல்லிய கீச்சொலி. கொஞ்சம் இடைவெளி. மறுபடி வந்தது.

உள்ளே, ஒரு விரற்கடை ஆழத்தில், தாலி மினுங்கியது. அது தகரத்தில் கிடக்கவில்லை. எதன்மீதோ இருந்தது. அந்த மூச்சோடு அதுவும் ஏறி இறங்கியது.

காற்றில் ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டாள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே விட்டாள். பட்டுத் தறியில் தீர்ந்த பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாகப் பிணைக்கிற விரல்கள் அவை. கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் இழைகளைப் பிரித்தறியும். தாலியின் விளிம்பு தட்டுப்பட்டது. இரு விரலால் பற்றப் போனாள். அது நகர்ந்தது. சரிந்து போகவில்லை, யாரோ பின்னால் இழுத்துக்கொண்டதுபோலப் போயிற்று.

விரல்களை வெடுக்கென்று உருவி, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக் கோத்துக்கொண்டாள்.

"குழாய் கழண்டுடுச்சு," என்றது கீழேயிருந்து முருகேசனின் குரல். "தாலி தெரியுது. கையை எடும்மா, எட்டிப் பாக்கறேன்."

"எடுத்துட்டேன்ணா."

"எங்க எடுத்தே? வழியெல்லாம் உன் விரல்தான் அடைச்சிக்கினு இருக்குது. கொஞ்சம் நவுத்து."

கமலவேணி மடியைப் பார்த்தாள். பத்து விரல்களும் அங்கே இருந்தன.

"இன்னா, விரலை ஆட்டிக் காட்டுறே?" முருகேசன் சிரித்தான். "விளையாடற நேரமா இது?"

அவள் கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்தாள். நீண்ட வெள்ளைச் சாலை. அதன் கோடியில் அந்தப் பெண், ஊரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். ஓடிப் பார்த்து, முடியாமல் நடந்து, மறுபடி ஓடினாள். அவள் தோளிலிருந்து ஒரு சின்னக் கை தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

அப்போதும் நேரம் இருந்தது.

கமலவேணி திரும்பினாள். இடுக்கில் மறுபடி விரலை விட்டாள்.

பற்றிக்கொண்டது.

குழந்தைகள் பற்றுவதுபோலத்தான். உள்ளங்கையில் விரல் பட்டதும் தன்னால் மூடிக்கொள்ளுமே, அப்படி. ஐந்து சின்ன விரல்கள். அடுப்புச் சூடு. அதே பிடிக்குள்ளேதான் தாலியும் இருந்தது. அவள் விரலோடு சேர்ந்து அழுந்தியது. இழுத்தாள். அது விடவில்லை. கீச்சென்று மூச்சை இழுக்கும்போது இறுகியது. விடும்போது தளர்ந்தது.

அது யார் கை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அதை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சூடு இருக்கிறது, பிடி இருக்கிறது, உயிர் இருக்கிறது. திருப்புங்கண்ணா என்ற ஒரு சொல் போதும். ஐந்து நிமிஷம். இந்தப் பிடி தானே தளர்ந்து, தாலி தானே கைக்கு வரும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. உறுதியாகத் தோன்றியது.

சூரியன் பனைமரங்களின் தலைக்கு இறங்கியிருந்தான். பொன்னியின் மருதாணிக் கை நினைவுக்கு வந்தது.

வாய்வரை வந்த சொல்லை விழுங்கினாள்.

காமாட்சியின் பக்கத்தில் விபூதிக் கிண்ணம் இருந்தது. இடக்கை விரல்களை அதில் தோய்த்தாள். பட்டிழை வழுக்காமல் இருக்க, பிணைக்கும்போது சாம்பல் தொட்டுக்கொள்வாள், அதே பழக்கம். நெற்றியில் இடவேண்டிய சாம்பலோடு இடக்கையையும் உள்ளே விட்டாள்.

முதலில் சுண்டுவிரல். நிமிர்த்தினாள். மறுபடி மடங்கியது. நிமிர்த்தி, அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்தது.

"வுடு," என்று முணுமுணுத்தாள். "வுட்டுடு கண்ணு."

அடுத்தது. சூடு குறைந்துகொண்டே வந்தது. நகங்கள் அவள் தோலில் பதிந்தன. பூனைக்குட்டி நகம்போல.

அடுத்தது.

கட்டைவிரல் மட்டும் வரவில்லை.

இழையை முறுக்குவதுபோல முறுக்கினாள். இன்னும் கொஞ்சம்.

நறுக்.

இழை அறும் சத்தம். அவளுக்குப் பழக்கமான சத்தம்.

இடுக்கு ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. வெளியே விடவில்லை.

தாலி அவள் கையில் இருந்தது. பாலாற்று மணல்போலச் சில்லென்று. பின்னால், வெகுதூரத்தில், சாலையில் ஒரு பெண் குரல் எழுந்தது. அது அழைப்பா, அழுகையா என்று பிரித்தறிய முடியாத தூரம்.

"இன்னா சத்தம் அது?" என்றான் முருகேசன்.

"ஒண்ணுமில்லண்ணா. எருமை. தாலி கெடைச்சிடுச்சு."

அவன் தவழ்ந்து வெளியே வந்தான். சட்டையெல்லாம் கிரீஸ். அவள் உள்ளங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டான். "தாயே, மானத்தைக் காப்பாத்துனே! வெளக்கு வைக்கறதுக்குள்ள கொண்டு போய் சேர்த்துடறேன் பாரு. பொன்னி கல்யாணத்துல எனக்கு ரெண்டு இலை போடணும், சொல்லிட்டேன்."

கமலவேணி தாலியை முந்தானையால் துடைத்தாள். இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். என்ஜின் உயிர் பெற்றது. பலகை அதிர்ந்தது.

"கையில வெச்சிக்காதேம்மா. சாமி முன்னாடியே வெச்சிடு. இந்தத் தரம் கொழந்தையைத் தொட்டில்ல ஆட்டற மாதிரி ஓட்டறேன்."

கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

சாய்ந்த வெயில் கண்ணாடி வழியாக அந்தப் பலகைமேல் விழுந்திருந்தது. இடுக்கிலிருந்து மணிக்கட்டுவரை வெளியே வந்து, காமாட்சியின் காலடியில் ஒரு சின்னக் கை மல்லாந்து கிடந்தது. நகங்கள் நாவற்பழ நிறம். ரேகைகளில் விபூதி. கட்டைவிரல் தனியே, வேறு திசை பார்த்துத் தொங்கியது. மற்ற நான்கு விரல்களும் மெல்ல மடங்கின. விரிந்தன. மடங்கின. விரிந்தன.

முருகேசன் அதன் மேலாகக் கையை நீட்டிச் சாமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சட்டைக்கை அந்த விரல்களை உரசிக்கொண்டு போயிற்று.

"வைம்மா," என்றான், சாலையைப் பார்த்தபடி. "நேரமாவுது."

அந்தச் சின்ன உள்ளங்கை விரிந்து, அப்படியே இருந்தது.