கேபிளின் மறுமுனை

காலையில் இன்டர்நெட் லைன் போட வந்த அஹ்ஸன் சுவரில் துளை மட்டும்தான் போட்டுவிட்டுப் போயிருந்தான். மத்தியானம் இந்துமதி அறைக்குள் வந்தபோது அந்தத் துளை வழியாக ஒரு கேபிள் உள்ளே வந்து தரையில் சுருண்டு கிடந்தது.

"நாளைக்கு லைன் இழுக்கறனுங்க அக்கா, அதுக்குள்ள கம்ப்யூட்டரைத் தயார் பண்ணி வெச்சிருங்க" என்று சொன்னவன், சொல்லாமல் வந்து இழுத்துவிட்டுப் போய்விட்டானா? அவளுக்கு எரிச்சலாக வந்தது. காலையிலிருந்தே எல்லார் மேலும் எரிச்சல்தான். மகளின் படிப்புக்கு ஒரு நல்ல கம்ப்யூட்டர் கேட்டால், மூடிக் கிடந்த சாயப்பட்டறையிலிருந்து பழையதைத் தூக்கிவந்து போட்டுவிட்டு, மிச்ச மெஷின்களை விலை பேசப் பட்டறைக்கே போய்விட்டான் புருஷன் சிவராஜ்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். சாயத்தூள் கலந்த பஞ்சுத்தூசி உள்ளே கம்பளிபோல் அப்பியிருந்தது. பிரஷால் தட்டத் தட்ட நீலமாய்ப் பறந்து தொண்டையில் இறங்கி, வெந்த சாயத்தின் காரநெடியும் அதற்கடியில் நாள்பட்ட தண்ணீரின் அழுகல் வாடையுமாய் அறை முழுக்கப் பரவியது. வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. தகட்டை மாட்டி, ஸ்விட்சைப் போட்டாள். கேபிளை எடுத்தாள். ஈரமாக இருந்தது. கோபத்தோடு அதைக் கம்ப்யூட்டரின் பின்னால் சொருகினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

அஹ்ஸனுக்குப் போன் போட்டாள். "வந்தா ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா தம்பி?"

"நான் மங்கலத்துல இருக்கறனுங்க அக்கா. உங்களுக்கான கேபிள் இன்னும் என் வண்டியிலதானுங்க இருக்குது."

அவள் போனை வைத்தாள். திரையில் பட்டறையின் பழைய கேமரா புரோகிராம் தானாகத் திறந்திருந்தது. அங்கே கரண்டைத் துண்டித்து மாதக்கணக்காகிறது. ஆனாலும் படம் தெளிவாகத் தெரிந்தது. வாசல் பக்கம் திரும்பி நின்று சிவராஜ் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கழிவுத் தொட்டி. சிமெண்ட் பூசி அடைத்த மூடி. மூடியில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்புக்குள் ஒரு கேபிள் இறங்கியிருந்தது.

அந்த மூடிக்கு எப்போது சிமெண்ட் பூசினார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பட்டறையில் வேலை பார்த்த தெற்கத்திப் பெண் செல்லத்தாய் காணாமல் போன வாரம். எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று அவளுடைய அம்மாவைக் கேட்டிலேயே நிறுத்திச் சொல்லி அனுப்பினான் சிவராஜ். மகள் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்லிச் சொல்லி அந்த அம்மா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சிவராஜைக் கூப்பிட்டாள். திரையில் அவன் பேசிக்கொண்டிருந்ததை வெட்டிவிட்டு இவள் அழைப்பை எடுத்தான்.

"ஏனுங்க, செல்லத்தாய் எங்கீங்க?"

திரையில் அவன் வாசல் பக்கம் இன்னும் ஓரடி நகர்ந்தான். போனில் மழைச் சத்தம் கூடியது.

"அந்தத் தொட்டிக்கு ஏனுங்க சிமெண்ட் பூசுனீங்க?"

"அவ தொட்டிக்குள்ள வழுக்கி விழுந்ததுக்கு நான் என்ன புள்ள பண்றது? வெளிய தெரிஞ்சிருந்தா பட்டறைய அன்னிக்கே இழுத்து மூடியிருப்பாங்க. ஊட்டு வேலையப் பாத்துட்டு வாய மூடிட்டு இரு."



அப்போது கம்ப்யூட்டர் இருந்த மேஜை அசைந்தது.

கேபிள் விறைத்து நின்றது. மேஜை சுவரை நோக்கி ஒரு விரற்கடை நகர்ந்தது. தளர்ந்தது. மறுபடி விறைத்தது. திரையில், மூடி வெடிப்புக்குள்ளிருந்து ஒரு கை. சாயத்தில் ஊறி உப்பிய கை. கேபிளைப் பிடித்தது. அதற்கு மேலே இன்னொரு கை.

பிடித்துப் பிடித்து ஏறுகிறது.

கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் பிளக்கைப் பிடுங்கினால் போதும். அவள் கை அதுவரைக்கும் போனது. 

"கேக்குதா உனக்கு?" போனில் சிவராஜ் கத்தினான். "ஓடிப்போனவளாவே இருக்கட்டும், அவளுக்கு நீ என்ன வக்காலத்து?"

இந்துமதி போனைக் கீழே வைத்தாள். காலைச் சுவரில் ஊன்றினாள். கேபிளை இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடித்தாள். இழுத்தாள். கனத்தது. தண்ணீர் குடித்த உடம்பின் கனம். உள்ளங்கை அறுபட்டது.

திரையில் மூடி பிளந்தது. கூந்தல். நெற்றி. தோள்.

சிவராஜ் இன்னும் வாசலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் செல்லத்தாய் நிமிர்ந்து நின்றாள்.

இந்துமதி கேபிளை விடவில்லை.