வெறும் தண்ணீரில் துத்தநாகம்

ஆய்வுக்கூடத்தின் கதவு படாரென்று திறந்தது. மழையோடு மழையாக உள்ளே வந்தவன் குடையை உதறினான்... சொட்டுகள் நேராக அவளுடைய சோதனைக் குழாய்களில் விழுந்தன.

"ஏங்க, கண்ணு தெரியலையா? காலையிலேர்ந்து உயிரைக் கொடுத்து செஞ்சதுங்க."

"மன்னிச்சுக்கங்க. பக்கத்து ரூம்னு நினைச்சு வந்துட்டேன்."

மெஷின் ரிப்பேர் பார்ப்பவனாம். நனைந்த இமைகளுக்குள் அந்தக் கண்கள்... பாவி, திட்ட வந்த வார்த்தையே அவளுக்கு மறந்துபோச்சு. மறுநாள் குடையை மறந்துவிட்டதாகச் சொல்லி மறுபடியும் வந்து நின்றான்.

அவள் வேலை நுணுக்கமானது. தண்ணீரில் சோப்பு மாதிரி ஒரு திரவமும் மருந்தும் கலந்து சூடாக்கினால் மேகம் போலக் கலங்கும். ஒளிந்திருக்கும் துளியூண்டு உலோகத்தையும் வாரிச் சுருட்டிக்கொண்டு அந்த மேகம் அடியில் படியும். அதை மெஷினில் அளப்பாள். சுத்தமான தண்ணீரையும் இப்படியே செய்து பார்ப்பாள். அதில் ஒன்றும் வரக்கூடாது.

வந்தது. துத்தநாகம்!

மெஷின்தான் கோளாறு என்று அவனையே கூப்பிட்டார்கள்.

"மெஷின் கல்லு மாதிரி இருக்கு. உங்க கைதான் சரியில்ல."

"என் கையா? நல்லா இருக்கே கதை."

வரும்போதெல்லாம் சண்டை. அவன் போனதும் அறையே வெறிச்சோடும்... அதற்கும் சேர்த்து மனசுக்குள் அவனையே திட்டுவாள்.

"இன்னிக்கும் சரியா வரலைன்னா இந்த ஆராய்ச்சியை மூடிடலாம்," என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அவள் பழைய அளவுகளைப் புரட்டினாள். அட... அவன் வராத நாளெல்லாம் சுத்தம். வந்த நாளெல்லாம் துத்தநாகம்.

அன்றும் மெஷினைப் பார்க்க வந்து, குழாய்கள் மேல் குனிந்து நின்றவனின் கன்னத்தை ஈரப் பஞ்சால் ஒரு துடை துடைத்தாள். அவன் திகைத்துப் போனான். பஞ்சை அலசிய தண்ணீரை மெஷினுக்குக் கொடுத்தாள். அளவு எகிறியது.

"மூஞ்சில என்ன பூசியிருக்கீங்க?"

"பவுடர்தாங்க..."

"அதுல துத்தநாகம் இருக்கு. எங்க போனாலும் பூசிப்பீங்களா?"

காது மடல் சிவந்தது அவனுக்கு. "இல்லங்க... இந்த ரூமுக்கு மட்டும்தான். படிக்கட்டுல நின்னு பூசிக்குவேன். உங்க கையைக் குறை சொன்னது தப்பு."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. முகம் கழுவ அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் துடைத்துப் புதுசாக ஆரம்பித்தாள். மேகம் திரண்டது... படிந்தது... அளந்தாள். சுத்தம்! குதிக்க வேண்டும் போலிருந்தது.

ஆனால் அவன் பையை மூடிக்கொண்டிருந்தான். "இனிமே நான் வர்றதுக்குக் காரணமே இல்லீங்க."

வீம்பெல்லாம் எங்கேயோ போயிற்று.

"காரணம் எதுக்கு? எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நாளைக்கும் வாங்க... மூஞ்சியைக் கழுவிட்டு."