பூவைப் பாத்துச் சிரிச்சாங்க

சிக்ரிட் அம்மாவின் வீட்டு வாசலில் நான் வண்டியை நிறுத்தியபோது மதியம் மூன்று மணி. இன்ஜினை அணைக்கவில்லை. மைனஸ் முப்பத்தெட்டு டிகிரிக் குளிரில் அணைத்த வண்டி மறுபடி கிளம்பினால் அது கடவுள் செயல். மூன்று சுற்று செய்தித்தாளில் பொதிந்த மஞ்சள் சாமந்தியைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு ஓடினேன்.

கனடாவின் சமவெளியில் இருக்கிற எங்கள் சின்ன ஊர் ஹால்பிரிட்ஜில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில், பூட்ஸ் கழற்றிப் போட ஒரு முன்னறை எல்லா வீட்டிலும் உண்டு. குளிர்காலத்தில் பூவை அங்கே வைத்து ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அன்றும் பெஞ்சின் மேல் பொட்டலத்தை வைத்தேன். எங்கிருந்தோ லேசாகப் பால் தீய்ந்த வாசனை வந்தது.

"சிக்ரிட் அம்மா, பூ வந்திருக்கு!"

பதில் இல்லை. உள்ளேயிருந்து ஒரு சத்தம் மட்டும்.

டக். டக். டக்.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் குழாய் என்று நினைத்தேன். கடுங்குளிரில் எந்த வீட்டுக் குழாய்தான் தட்டாமல் இருக்கிறது? உள்கதவின் பிடியில் கையை வைக்கத்தான் வைத்தேன். திறந்தால் காபி குடிக்கச் சொல்வார். பூனைக்கு வயிறு சரியில்லாத கதையை முதலிலிருந்து கேட்க வேண்டும். வண்டியில் இன்னும் நான்கு வீட்டுப் பூ காத்திருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

அதோடு நின்றிருந்தால்கூட என்னை நான் மன்னித்திருப்பேன்.

என் பூக்கடைக்கு ஒவ்வொரு செவ்வாயும் ரெஜைனாவிலிருந்து பஸ்ஸில் பூ வரும். ஊரைவிட்டுப் போன பிள்ளைகள் போனில் சொல்லச் சொல்ல வாழ்த்து அட்டையை நான் எழுதுவேன். ஆகவே இந்த ஊரில் யார் யார்மேல் பாசம் வைத்தாலும் அது என் கோழிக் கிறுக்கலில்தான் போய்ச் சேரும். சிக்ரிட் அம்மாவின் மகன் ஆர்னி கால்கரியில் இருந்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை, தவறாமல் சாமந்தி.

அன்று நான்கு மணிக்கு அவன் கூப்பிட்டான்.

"ஈர்மா, அம்மா காலையிலேருந்து போன் எடுக்கல. நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேனே. கையிலதான் குடுத்தேன். நல்லா இருக்காங்க. பூவைப் பாத்துச் சிரிச்சாங்க."

"அப்பாடா! போலீஸைக் கூப்பிடலாமான்னு இருந்தேன்."

"உனக்கு எப்பவும் பயம்தான்டா. துணி துவைக்கிற மெஷின் சத்தத்துல போன் கேட்டிருக்காது."

பத்து வருஷமாக ஒவ்வொரு பொட்டலத்தோடும் நான் இலவசமாக அனுப்பி வந்த வாக்கியம் அது. அம்மா சிரிச்சாங்க, அப்பா கண் கலங்கிட்டார். பாதி வீட்டில் நான் யாரையும் பார்த்ததே இல்லை. தொலைவில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு நிம்மதி, அதில் என்ன குடி முழுகிப்போகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை மீட்டர் பார்க்க வந்த ஆள் உள்கதவைத் திறந்தான். சிக்ரிட் அம்மா சமையலறையில் இடுப்பு முறிந்து விழுந்து கிடந்தார். அடுப்பில் பால் கருகியிருந்தது. கையில் ஒரு கரண்டி. அடுப்பின் கால் முழுக்கப் பெயின்ட் உதிரும் அளவுக்கு அதை வைத்துத் தட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

சர்ச்சில் இறுதி ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் எல்லோரும் முட்டை சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது, ஆர்னி என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். "அம்மா சிரிச்சதைக் கடைசியாப் பாத்தது நீங்கதான் ஈர்மா. எனக்கு அது போதும்" என்றான்.

வாயில் இருந்ததைக் காகிதக் கைத்துணியில் துப்பி மடித்தேன்.

சாமந்தி கொடுக்கும் முறை அடுத்து வந்த புதன்கிழமை, நான்கரை மணிக்குக் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். எங்கள் வீடு ஊருக்கு வெளியே மூன்று கிலோமீட்டர். என் கணவர் எல்மர் இலையுதிர் காலத்தில் அறுவடை மெஷினிலிருந்து விழுந்து, கைத்தடியோடு வீட்டில் முடங்கிக் கிடந்தார். வெளிக்கதவைத் திறந்தேன். எங்கள் பெஞ்சின் மேல் ஒரு பொட்டலம். செய்தித்தாளில் மூன்று சுற்று.

உள்ளே மஞ்சள் சாமந்தி. அந்த வாரம் எனக்குச் சாமந்தியே வரவில்லை. செய்தித்தாளின் தேதி இரண்டு வாரத்துக்கு முந்தியது. அட்டை ஒன்று செருகியிருந்தது.

பூ வந்திருக்கு.

என் கையெழுத்து.

"எவன்டி அவன், உனக்குப் பூ அனுப்புறவன்?" உள்ளேயிருந்து எல்மர் கேட்டார். "முன்னாடியே சொல்லியிருந்தா தலையாவது சீவிட்டு உக்காந்திருப்பேன்ல?"

"யார் கொண்டுவந்தா, எல்மர்?"

"நீதானே. வெளியிலேருந்து கத்தினியே, பூ வந்திருக்குன்னு? ஒரு மணி நேரம் ஆச்சு. எங்கடி போயிருந்தே?"

நான் கோட்டைக் கழற்றினேன். பால் தீய்ந்த வாசனை கோட்டிலா, பூவிலா, எதில் என்று தெரியவில்லை. அன்று எல்மரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டிய சத்தத்தைச் சொன்னேன். ஆர்னியிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் தடியின் நுனியால் போனைக் காட்டினார்.

"ஆர்னிக்குப் போன் பண்ணிச் சொல்லிடு, ஈர்மா."

"திட்டுவான்."

"திட்டட்டும். அவனுக்கு உரிமை இருக்கு."

"ஊர் முழுக்கத் தெரிஞ்சா யார் எங்கிட்டப் பூ வாங்குவா?"

"பூ போகலைன்னா உருளைக்கிழங்கு விப்போம். நான் உரிச்சுத் தர்றேன். சொல்லிடு."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. எண்ணைச் சுழற்றுவேன், மணி அடிக்கும், வைத்துவிடுவேன். வெட்கம் என்பதைவிடப் பயம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பையன் கையில் மிச்சம் இருந்த ஒரே நல்ல நினைவு என் பொய்தான்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பொட்டலம். அதே தேதி, அதே அட்டை. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது சுவருக்குள் சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

"ஃபர்னஸ்" என்றார் எல்மர்.

எழுந்துபோய் ஃபர்னஸை அணைத்தேன்.

டக். டக். டக்.

அவர் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. முட்டைக்கோஸ் சூப் தட்டிலேயே ஆறிப்போனது.

மூன்றாவது புதன்கிழமை காலையில் என் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டபடி அவர் சொன்னார்: "இன்னிக்குச் சொல்லிடு. சொல்லிட்டு எனக்கு போன் பண்ணு. பண்ணலைன்னா இந்தக் கிழவன் நடந்தே கடைக்கு வந்துடுவான், பாத்துக்கோ."

"வழியில விழுந்து வைக்காதே. உன்னைத் தூக்க என்னால ஆகாது."

எங்கள் இருபத்தொன்பது வருஷத்தில் நான் அவரிடம் சொன்ன கடைசி வார்த்தை இதுதான்.

மதியம் வரை மூன்று முறை போனை எடுத்தேன். மூன்று முறையும் வைத்தேன். இரண்டு மணிக்குக் காற்று கிளம்பியது. தரையில் கிடந்த பனியெல்லாம் எழுந்து நின்றது. எதிரே இருக்கிற தானியக் கிடங்கு, ஊரிலேயே உயரமான கட்டடம், கண்முன்னே காணாமல் போயிற்று. சாலையை மூடிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். வீட்டுக்கு போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் இருக்கும் நெட்டியைக் கூப்பிட்டேன்.

"எல்மர் போன் எடுக்கல, நெட்டி. ஒரு எட்டு போய்ப் பாரேன். வேலிக் கம்பியைப் பிடிச்சிக்கிட்டே போயிடலாம்."

"ஐயோ, இதுக்கு என்ன கெஞ்சுறே? இதோ, பூட்ஸை மாட்டிட்டேன்னு வச்சுக்கோ."

இருபது நிமிஷம். கடைக்குள் பூக்களின் ஈர வாசனை. கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை.

போன் அடித்தது. லைன் முழுக்கக் காற்றின் கரகரப்பு. ஒரு பெண் குரல்.

"பாத்துட்டேன். நல்லா இருக்கார்."

"அப்பாடா! உனக்குக் கோயிலே கட்டலாம், நெட்டி!"

"பூவைப் பாத்துச் சிரிச்சார்."

வைத்துவிட்டாள். நான் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டேன். ஒரு வாய் காபிகூடக் குடித்துவிட்டேன்.

நான் பூ அனுப்பவில்லை.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். பத்து வருஷமாக இதே போனில் நான் பேசிய குரல்.

நெட்டியின் எண்ணைச் சுழற்றினேன். லைன் செத்திருந்தது. வீட்டுக்கு, போலீஸுக்கு, எங்குமே போகவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. இறங்கி நடந்தேன். பத்தடியில் வண்டியே தெரியவில்லை. சாலையில் பனி அள்ளும் இயந்திரம் ஓட்டும் கஸ் என்னைக் கண்டுபிடித்து, அடித்து இழுக்காத குறையாகக் கடைக்குக் கொண்டுவந்து சேர்த்தான். "செத்துப்போனா அவரை யார் பாத்துப்பா?" என்று கத்தினான். அவர் பெயரைத் தவிர வேறெதுவும் என் வாயில் வரவில்லை.

மறுநாள் பத்து மணிக்குத்தான் சாலையைத் திறந்தார்கள். வெளிக்கதவைத் தள்ளினேன். பெஞ்சின் மேல் பொட்டலம் இருந்தது. அதைத் தாண்டி, உள்கதவைத் திறந்தேன்.

எல்மர் அடுப்படியில் கிடந்தார். கைத்தடி எட்டாத தூரத்தில். பாத்திரத்தில் பால் கருகியிருந்தது. அடுப்பின் காலில் பெயின்ட் உதிர்ந்திருந்தது. அவர் விரல்கள் ஒரு கரண்டியைப் பிடித்திருந்தன.

அது எங்கள் வீட்டுக் கரண்டி இல்லை.

நெட்டி ஓடி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் கிளம்பிட்டேனே, ஈர்மா! எங்க வீட்டுக் கதவைத் திறக்கும்போது நீதானே போன் பண்ணே? வேண்டாம் நெட்டி, நானே வந்துட்டேன், நல்லா இருக்கார்னு சொன்னே! உன் குரல்டி! உன் குரல் எனக்குத் தெரியாதா?"



ஏப்ரலில் பனி உருகியதும் எல்மரைப் புதைத்தோம். உறைந்த மண்ணை அதற்கு முன் தோண்ட முடியாது. அடுத்த புதன்கிழமை நான் கடையைத் திறக்கவில்லை. சமையலறையில் உட்கார்ந்து ஆர்னியின் எண்ணைச் சுழற்றினேன். இந்த முறை வைக்கவில்லை. அவன் எடுத்ததும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

"நான் உங்கம்மாவைப் பாக்கவே இல்லை, ஆர்னி. தட்டுற சத்தம் கேட்டுது. கதவைத் திறக்கல. உங்கிட்டப் பொய் சொன்னேன். அவங்க சிரிக்கல."

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"அப்ப ஏன் இப்படிப் பண்றீங்க, ஈர்மா?"

"என்ன பண்றேன்?"

"சர்ச் ஆராதனை முடிஞ்சதிலேருந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுறீங்களே. இன்னிக்குக் காலையிலகூட. அம்மா நல்லா இருக்காங்க, பூவைப் பாத்துச் சிரிச்சாங்கன்னு." அவன் குரல் உடைந்தது. "எனக்கு அம்பது வயசாகுது. அதைக் கேட்டா ஒரு நிமிஷம் நம்பிடுறேன். நிறுத்துங்க. தயவுசெஞ்சு நிறுத்துங்க."

சுவருக்குள் தட்டத் தொடங்கியது. டக். டக். டக். அதற்குப் பின்னாலேயே, இன்னொரு இடத்திலிருந்து, மெதுவாக, மரத்தின் சத்தம். எல்மரின் கைத்தடியை நான்தான் சவப்பெட்டிக்குள் வைத்திருந்தேன்.

நான் இல்லை ஆர்னி என்று சொல்ல நினைத்தேன். வாயைத் திறக்க முடியவில்லை. உதட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். இறுக மூடியிருந்தது.

போனில் என் குரல் பேசியது.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, ஆர்னி. பூவைப் பாத்துச் சிரிச்சாங்க."