ஆறு துளைக் கொண்டி

கர்ஸ்டி மாட்டியது ஒரு பூட்டு. கொண்டியில் இரண்டு தொங்கின.

லீட்ஸ் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லாரி நீளத்துக்கு இருந்தது அறைகளுக்குச் சூடான காற்று அனுப்பும் அந்த இயந்திரம். உள்ளே இறங்குபவர் விசிறியை நிறுத்தி, சுவிட்சின் ஆறு துளைச் சிவப்புக் கொண்டியில் தன் பூட்டை மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை பூட்டோ, உள்ளே அத்தனை பேர். ஒன்று தொங்கினாலும் விசிறி ஓடாது.

அவள் ஃபில்டர் பைகளை மாற்றிவிட்டு வெளியே வந்திருந்தாள். மற்றப் பூட்டு கறுப்பு. பெயர்ச்சீட்டு இல்லை.

"பூஜ்ய வருஷத்துல எண்ணக்கூட சொல்லித் தரலையாம்மா?" பயிற்சியாளர் பிரெண்டன் சிரித்தார்.

முதலாண்டுக்கு முந்தைய அடிப்படை ஆண்டுக்கு அவர் வைத்திருந்த பெயர் அது. ஆறு வருடம் கட்டுமான இடங்களில் காற்றுக்குழாய் மாட்டியவள் கர்ஸ்டி. பள்ளிச் சான்றிதழ் போதாதென்று இந்த ஆண்டில் உட்கார வைத்திருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அது என்னுது இல்ல. உள்ள யாரோ இருக்காங்க."

"விளையாடறியா? கீழ வகுப்புல பசங்க குளிர்ல நடுங்கறாங்க. நீயே போய்ப் பாரு. யாரும் இல்லேன்னு சொல்லு, அந்தப் பூட்டை வெட்டிடறேன். இல்லேன்னா இன்னிக்குத் தேர்ச்சிக் கையெழுத்து கிடையாது. அடுத்த வருஷமும் பூஜ்யம்தான்."

பூட்டு வெட்டும் கத்தரி எடுக்க இரும்புப் படிகளில் இறங்கினார்.

கர்ஸ்டி கோபத்தோடு உள்ளே குனிந்தாள். ஈரத் தகரமும் புதுத்துணியும் கலந்த வாடை, எங்கோ சொட்டும் தண்ணீர், டார்ச் வெளிச்சத்தில் சுவரளவு சட்டத்தில் அவள் மாட்டிய ஐந்து நீளப் பைகள். காற்று நின்றால் அவை துவண்டு தொங்க வேண்டும். நான்கு துவண்டிருந்தன. ஒன்று, மூச்சை இழுத்துப் பிடித்த மார்பு போல உப்பியிருந்தது.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

வெளியே 'க்ளிக்'. பூட்டு விழும் ஒலி.

"பிரெண்டன்! உங்க கிண்டலை வேற எவகிட்டயாவது வெச்சுக்கங்க!"

இரண்டாவது பை நிமிர்ந்தது.

கதவைத் தள்ளினாள். அசையவில்லை. கதவின் வட்டக் கண்ணாடி வழியே பார்த்தாள். சுவிட்ச் அருகே யாரும் இல்லை. கொண்டியில் மூன்று பூட்டுகள்.

க்ளிக். நான்கு.

மூன்றாவது பை.

க்ளிக்.

க்ளிக்.

ஆறு துளைகளும் நிறைந்தன. அவளைக் கழித்தால் ஐந்து பேர். அவள் திரும்பவில்லை. பின்கழுத்தில் வெதுவெதுப்பு.

படிகளில் காலடி. பிரெண்டன் கத்தரியோடு வந்து நின்றார். கொண்டியைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"ஆறா? யாரைக் கிண்டல் பண்றே? எங்கடி போய் ஒளிஞ்சுகிட்டே? உள்ள யாரும் இல்லதானே?"

கர்ஸ்டி கண்ணாடியில் அறைந்தாள்; சத்தம் எழவில்லை. கத்தினாள். மூச்சு போனது. குரல் வரவில்லை. கண்ணாடியில் ஆவி மட்டும் படர்ந்தது.

குரல் பின்னாலிருந்து வந்தது. அவளுடைய குரல். அவளுடைய அதே கோபம்.

"யாரும் இல்ல. நான் வெளிய வந்துட்டேன். எல்லாத்தையும் வெட்டித் தொலைங்க!"

பிரெண்டன் முணுமுணுத்தபடி முதல் பூட்டைக் கத்தரியின் வாயில் வைத்தார். கர்ஸ்டியின் பெயர்ச்சீட்டு அதில்தான் ஆடிக்கொண்டிருந்தது.