தசைகள் தளரும்

தூங்கி எழுந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். எழுந்துவிட்டாள். எதுவும் தொடங்கக்கூட இல்லை.

முதலில் ஸ்பிரிட் வாசனை வந்தது, பிறகு தலைமாட்டில் ஏதோ ஒரு இயந்திரம் காற்றைத் தள்ளித் தள்ளி விடுகிற சத்தம், அந்தச் சத்தத்துக்கு ஏற்றபடி தன் நெஞ்சு ஏறி இறங்குவது, இமைகளின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் பிசுபிசுப்பு, வயிற்றில் ஈரப் பஞ்சு வட்டம் வட்டமாகப் போகிற குளிர்ச்சி. மூச்சைத் தான் விடவில்லை, தனக்காக வேறு எதுவோ விடுகிறது என்று புரியவே சிறிது நேரம் பிடித்தது. கண் திறக்கவில்லை. பிளாஸ்திரிதான் காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு விரலை அசைக்கப் பார்த்தாள். அதுவும் அசையவில்லை.

"இவங்க தங்கச்சி வெளிய உட்கார்ந்திருக்காங்க," என்றாள் நர்ஸ். "பித்தப்பைக் கல்லை எடுக்க எவ்வளவு நேரமாகும்னு மூணு தடவை கேட்டுட்டாங்க."

"அக்கா கேள்வி கேட்டே உயிரை எடுத்தாச்சு, இப்ப தங்கச்சி வேறயா?" என்றார் சர்ஜன். "இந்தம்மா வாயை மூடினதே இப்பத்தான்."

யாரோ சிரித்தார்கள். 

ஆஸ்பத்திரிப் படிவங்களை மொழிபெயர்ப்பது அவள் பிழைப்பு. அலுவலகத்தில் அவளுக்கு 'அகராதி' என்று பெயர். சொல் தெரிந்தவள் என்பதற்காகப் பாதி, பிடிவாதத்துக்காகப் பாதி. காலையில் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவமே அவள் மொழிபெயர்த்ததுதான். மயக்க மருந்தோடு கொடுக்கிற இன்னொரு மருந்தால் தசைகள் செயலிழக்கும் என்று மூலத்தில் இருந்ததை, 'தசைகள் தளரும்' என்று போட்டிருந்தாள்.

"செயலிழப்புன்னுதானேக்கா இருக்கு? தளரும்னா குளிச்சிட்டு வந்து படுத்த மாதிரி இருக்கே," என்று அப்போதே கேட்டான் அலுவலகத்தில் பிழைதிருத்துபவன்.

"படிக்கிறவன் பாதியில எழுந்து ஓடவா? நீ கமா, புள்ளியை மட்டும் பாரு."

மயக்கம் கலைந்தாலும் அசையவோ பேசவோ முடியாது என்ற அடுத்த வரியை அடியோடு எடுத்துவிட்டாள். தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். கத்தி இறங்குமுன், தான் விழித்திருப்பதை ஒருவராவது கண்டுகொள்ள வேண்டும்.

கத்தினாள். தொண்டையில் குழாய். சத்தம் தலைக்குள்ளேயே நின்றது. காதருகே பீப் ஒலி மட்டும் வேகமெடுத்தது.

"துடிப்பு ஏறுது டாக்டர்."

"காலையிலேயே நூறு. பயந்தாங்கொள்ளி," என்றார் மயக்க மருந்து டாக்டர். அவர் குரல் கைபேசிக்குள் குனிந்திருந்தது.

தட்டில் இரும்பு உரசியது. ஒரு உள்ளங்கை அவள் வயிற்றின் மேல் பதிந்து மெல்ல நகர்ந்தது. கையுறைக்குள்ளும் சூடு தெரிந்தது.

அங்கே. அந்தக் கைக்கு அடியில். கால், கை, முகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இருந்த பலத்தையெல்லாம் அங்கே திரட்டினாள்.

துடித்தது. துளிதான். ஆனால் துடித்தது.

உள்ளங்கை நின்றது.

தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது. சொல்லுங்க. சொல்லுங்க டாக்டர்.

"வயிறு இறுகுது," என்றார் சர்ஜன். "தளர்த்துற மருந்தை இன்னொரு டோஸ் போடுங்க."

முழங்கை வழியே குளிர் ஏறியது. தோள். கழுத்து. வயிறு அந்தக் கைக்கு அடியில் மெத்தென்று இளகிக்கொண்டே போனது.

"ம், இப்ப சரி."

தொப்புளுக்கு மேல் ஒரு முனை தொட்டது. இடம் பார்த்தது.

அழுந்தியது.