மூடி திறக்காத தட்டு

யாகோடா வேலையில் சேர வந்த அன்று அவளை முதலில் வரவேற்றது அவள் அம்மாவின் முகம்தான். எங்கள் மாசிடோனிய மலை ஊரில் செத்தவர்களின் படம் போட்ட தாளைக் கதவிலும் மரத்திலும் ஒட்டுவோம். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, அரை வருடத்துக்கு ஒன்று. என்னோடு வேலை பார்த்த அவள் அம்மா ரோஸ்காவின் அரை வருடத் தாளை ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தின் கதவில் நான்தான் ஒட்டியிருந்தேன். பனி பட்டு அதன் ஓரம் சுருண்டிருந்தது. யாகோடா கையுறையைக் கழற்றி, கட்டைவிரலால் அதை நீவிவிட்டாள்.

"என்ன நௌம் மாமா, ஒழுங்கா பசை தடவக்கூடத் தெரியாதா உங்களுக்கு?"

"உங்கம்மாவும் இதையேதான் சொல்லிட்டிருந்தா. உள்ள வா, குளிரு கொல்லுது."

சிரித்தோம். இரண்டு பேர் கண்ணும் கலங்கியிருந்தது.

எங்கள் கூடம் தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் வழியே நடைபாதையில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். உடம்புச் சூட்டிலேயே தட்டுகளை வைத்திருக்கும் இன்குபேட்டர் ஓயாமல் முனகும். நோயாளியின் ரத்தத்தையோ சீழையோ மூடி போட்ட சின்னத் தட்டில், கிருமிக்குத் தீனியாக ஊற்றிய கூழின் மேல் கீறி, வளர்வது எந்தக் கிருமி என்று கண்டுபிடித்து மேலே வார்டுக்குச் சொல்வது எங்கள் பிழைப்பு. எந்தச் சாயம் ஏற்கிறது, எந்தச் சர்க்கரையைத் தின்கிறது, எதை நிறம் மாற்றுகிறது என்று படிப்படியாகப் போக வேண்டும்.

ரோஸ்காவுக்கு அதெல்லாம் அப்புறம். முதலில் மூடியைத் தூக்குவாள். மூக்கருகே கொண்டுபோவாள்.

"திராட்சை வாசம். சூடோமோனாஸ்" என்பாள். "இது கருகின சாக்லேட். புரோட்டியஸ், வேறென்ன?"

நான் அத்தனை சோதனையும் செய்து மறுநாள் அதே பெயருக்கு வந்து நிற்பேன். எரிச்சலாக இருக்கும். "ஆஸ்பத்திரி மோப்ப நாய்க்குச் சம்பளம் குடுக்குது" என்பேன். "உன் மூக்கு ரக்கியா சாராய கிளாஸுக்குள்ள விடத்தான் லாயக்கு" என்பாள். சின்ன வயதில் பட்டிக் கதவில் நசுங்கி அவள் சுண்டுவிரல் பாதியோடு போயிருந்தது. அந்த மொட்டை விரலை ஆட்டிக்கொண்டுதான் திட்டுவாள். கூடத்தின் நாற்றம் தெரியாமலிருக்க இன்குபேட்டர் மேல் ஒரு துன்யா பழம் வைத்திருப்பாள். எங்கள் வீடுகளில் துணி அலமாரி மேல் வாசத்துக்கு வைப்போமே, அந்த மஞ்சள் பழம்தான்.

அந்த மூக்குதான் அவளுக்கு எமனானது.

ஒருநாள் ஓர் இடையனின் ரத்தம் வந்தது. அவன் இடையன் என்று சீட்டில் யாரும் எழுதவில்லை. எழுதவும் மாட்டார்கள். இந்த ஊரில் ஆடு இல்லாத வீடு ஏது? மூச்சு விடுகிறான் என்று யாராவது எழுதுவார்களா? ரோஸ்கா மூடியைத் தூக்கி மோந்து பார்த்தாள். தட்டில் இருந்தது ஆட்டிலிருந்து மனுஷனுக்குத் தொற்றும் புரூசெல்லாக் கிருமி. அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி வாசம் கிடையாது. மூச்சோடு உள்ளே போய்விடும், அவ்வளவுதான். காய்ச்சல் வந்தபோது சளிக்காய்ச்சல் என்றாள். முதுகு வலித்தபோது நாற்காலியைக் குறை சொன்னாள். கிருமி இதயத்து வால்வைத் தின்ற பிறகுதான் படுத்தாள். அவள் ரத்தத்தை இதே மேஜையில் நான்தான் தட்டில் கீறினேன். வளர்ந்ததைப் பார்த்தேன். மூடியைத் திறக்காமலே உட்கார்ந்து அழுதேன்.

இத்தனையும் தெரிந்தும், வந்த வாரத்திலேயே யாகோடா ஒரு தட்டை மூக்கருகே கொண்டுபோனாள்.

கத்திவிட்டேன். "பைத்தியமாடி உனக்கு? ஒருத்திய மண்ணுல போட்டது பத்தாதா?"

அவள் தட்டை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள். "இப்படி மோந்து பாக்கும்போது மட்டும்தான் மாமா, அவ பக்கத்துல நிக்கற மாதிரி இருக்கு."

பெற்றவளை இழந்த பிள்ளை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். இந்தப் பெண்ணும் இதே நாற்காலியில், இதே மாதிரி போய்விடுவாளோ என்று.

அதன்பின் தட்டுகளின் மூடிகள் திறக்க மறுக்க ஆரம்பித்தன.

எல்லாம் அல்ல. எனக்குச் சுலபமாகத் திறந்தன. யாகோடா மூக்கருகே கொண்டுபோனவை மட்டும் ஒட்டிக்கொண்டன. "ஈரம் மாமா, உள்ள தண்ணி கட்டியிருக்கு" என்று நகத்தால் நெம்புவாள். நானும் ஈரம்தான் என்று சொல்லிக்கொண்டேன். கண்ணுக்குத் தெரியாததை வளர்த்துக் கண்ணுக்குக் காட்டுகிறவன் நான், பேயை எப்படி நம்புவேன்?

ஆனால் அப்போதெல்லாம் கூடத்தில் துன்யா வாசம் வந்தது. அந்தப் பழம் அழுகி, நானே வீசி எவ்வளவோ நாளாயிற்று.

பனி உருகத் தொடங்கிய சமயம் ஒரு கணக்கு டீச்சரின் ரத்தம் வந்தது. சீட்டில் 'காரணம் தெரியாத காய்ச்சல்' என்று மட்டும் இருந்தது. முதல் நாள் தட்டில் ஒன்றுமில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் ரத்தக் கூழின் மேல் ஊசி முனை அளவில் புள்ளிகள் எழுந்தன. சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பொடி மணலைத் தூவியது போல் சிவப்பாகத் தெரிந்தது. கிருமியின் பெயரைச் சொல்லும் சோதனைப் பட்டையில் யாகோடா அதைப் போட்டாள். ஆபத்தில்லாத ஏதோ ஒரு தோல் கிருமியின் பெயரை அது காட்டியது.

மேலேயிருந்து டாக்டர் ஸ்பாசே போன் செய்தார். "என்னப்பா நௌம், ஏதாச்சும் கிடைச்சுதா இல்லியா? அந்தப் பொண்ணு துவண்டு கிடக்கு. வயித்தைத் திறந்து பாத்துடலாம்னு பேசிக்கிட்டிருக்கோம்."

"கொஞ்சம் பொறுங்க. பாத்துட்டிருக்கோம்."

போனை வைத்துத் திரும்பினேன். யாகோடா தட்டைக் கையில் எடுத்திருந்தாள்.

"பட்டை பொய் சொல்லுது மாமா. அம்மாவா இருந்தா ஒரு மோப்பத்துல சொல்லியிருப்பா."

"கீழ வை."

"ஆபத்தில்லாததுன்னுதானே வந்திருக்கு. ஒரே ஒரு தடவை."

வெளியே மேகம் கவிந்து, பட்டப்பகலிலேயே கூடம் மங்கிவிட்டது. இன்குபேட்டரின் முனகல் நின்றது. நடைபாதையில் கால்கள் எதுவும் இல்லை.

துன்யா வாசம். மூச்சு முட்டுகிற அளவுக்கு.

யாகோடா நகத்தை மூடிக்கடியில் கொடுத்து நெம்பினாள்.

மேஜையில் யூரியாக் குழாய்கள் வரிசையாக நின்றன. அன்று காலைதான் நான் ஊற்றி வைத்திருந்தேன். எல்லாம் வெளிர் மஞ்சள். எதிலும் கிருமி போடவில்லை. யூரியாவைத் தின்னும் கிருமி உள்ளே போனால்தான் அது ரோஜா நிறமாகும்.

முதல் குழாய் சிவந்தது.

"மாமா... இதுல ஏதாச்சும் போட்டீங்களா?"

"இல்ல."

பக்கத்துக் குழாய் சிவந்தது. பிறகு அதற்கடுத்தது. ஒருத்தி வரிசையாக விரலால் தொட்டுக்கொண்டே எங்களை நோக்கி வருவது போல, ஒவ்வொன்றாக. கடைசிக் குழாய் யாகோடாவின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதுவும் சிவந்தது.

மணல் மாதிரிக் கிருமி. மெதுவாக வளர்கிறது. யூரியாவை இவ்வளவு வேகமாகச் சிவக்க வைக்கிறது. எங்கள் ஊரில் அப்படி ஒன்றுதான் உண்டு.

"யாகோடா," என்றேன். "அது புரூசெல்லா. வெச்சுடு தாயி. உங்கம்மா கெஞ்சறா."

அவள் தட்டை மெல்ல மேஜையில் வைத்தாள். மூடியைச் சுற்றி நான் டேப் ஒட்டினேன். இன்குபேட்டர் மறுபடி முனகத் தொடங்கியது.

அப்புறம் முகமூடி போட்டு, கண்ணாடித் தடுப்புக்குள் வைத்து முறையாகச் செய்தோம். புதிதாக ஊற்றிய யூரியாவில் அந்தக் கிருமியைத் தொட்டு வைத்ததும் பார்க்கப் பார்க்கச் சிவந்தது. ஸ்பாசேக்குப் போன் செய்தேன்.

"வயித்துல கத்தி வைக்காதீங்க. அந்த டீச்சர் வீட்டுல ஆடு இருக்கா, பச்சைப்பால் சீஸ் சாப்பிடறாங்களான்னு கேளுங்க."

"இதென்னப்பா கேள்வி? யார் வீட்டுல இல்ல?"

"அதேதான் டாக்டர். அதேதான்."

டீச்சர் பிழைத்துக்கொண்டாள். சரியான மருந்து போனதும் காய்ச்சல் இறங்கிவிட்டது.

அந்த ஞாயிறு யாகோடாவோடு நானும் தேவாலயத்துக்குப் போனேன். உயிரோடிருப்பவர்களுக்கு மெழுகுவர்த்தியை மேல்தட்டில் வைப்போம். செத்தவர்களுக்குக் கீழ்த்தட்டு மணலில். அம்மாவுக்கு ஏற்றியதை அவள் மேல்தட்டில் வைத்தாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றேன்.

மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்தோம். தட்டு ஊற்றும் ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் எதுவும் போடாமல், மூடியைச் சுற்றி டேப் ஒட்டிச் சூட்டில் வைப்போம். அதில் ஒன்றும் வளரக் கூடாது. வளர்ந்தால் எங்கள் கை சுத்தமில்லை என்று அர்த்தம்.

டேப் ஒட்டியபடியே இருந்தது. உள்ளே வளர்ந்திருந்தது.

பால் நிறத்தில் நான்கு விரல் நுனிகள். கூழை உள்ளிருந்து மெல்லத் தொட்ட மாதிரி. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில், மற்றதைவிட ரொம்பக் கீழே, மொட்டையாக ஒரு வட்டம்.

யாகோடா அதை இரண்டு கையாலும் எடுத்தாள். முகத்தருகே கொண்டுபோனாள். நான் தடுக்கவில்லை. கடவுளே, என்னால் முடியவில்லை.

"மோந்து பாக்கணும் மாமா," என்றாள். கண்ணீர் தட்டின் மேல் விழுந்தது. "அம்மா கை வாசம். எனக்கு மறந்துட்டே வருது."

மூடி இந்த முறை இறுகவில்லை. டேப் தானாகவே ஓரத்தில் விட்டிருந்தது. ஒரு விரல் பட்டால் போதும், திறந்துவிடும்.

அவள் திறக்கவில்லை. மூடிய மூடியின் மேல் கன்னத்தை வைத்து வெகுநேரம் நின்றாள். பிறகு டேப்பைத் தன் கையாலேயே அழுத்தி ஒட்டினாள்.

வளர்ந்த எதையும் ஆவியில் வேகவைத்து அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. அந்தத் தட்டை வேகவைக்க எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை. இன்குபேட்டரின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். மற்ற தட்டுகளின் கூழ் சில வாரத்தில் காய்ந்து வெடித்துவிடும். இரண்டு குளிர்காலம் போய்விட்டது. அது மட்டும் இன்னும் ஈரமாகவே இருக்கிறது, கதவைத் திறக்கும்போதெல்லாம் துன்யா வாசம் வருகிறது.